கட்டில் ஏற்றிப் போன ஜீப்

எங்கள் கடைக்குப் புதிதாக இரண்டு மினி லாரிகள் வந்திருக்கின்றன. போன வாரம் அவற்றுக்கு மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது, இன்னமும் 'எங்கள் கடை' என்றுதான் வாயில் வருகிறது. சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது பில் போடும் செல்வி சுவரைக் காட்டிக் கேட்டாள்.

"மாமா, அந்தப் போட்டோவுல இருக்க ஜீப்பு இப்ப எங்கன நிக்குது?"

"முக்கால்வாசி இரும்புக் கடைக்குப் போயிட்டும்மா. மீதி பண்பொழிக்கு அங்கிட்டு நிக்குது."

"ஜீப்பு எப்படி மாமா கால்வாசி மட்டும் நிக்கும்?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் யாரோ குழாய்க்கு வளைவு கேட்டு வந்துவிட்டார்கள். "நீங்க எழுதிக் குடுங்க மாமா, நான் வீட்ல போயி வாசிக்கேன்" என்றாள். நாற்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை. பேனா கொஞ்சம் ஆட்டம் கொடுக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் ஊர் மேலகரம். எங்கள் குடும்பத்து ஆம்பிளைகளுக்கு வேலை இரண்டுதான். நெல் விளைவிக்க வேண்டும், இல்லையென்றால் காக்கி போட வேண்டும். அண்ணன் போலீசுக்குப் போனான், தம்பி பட்டாளத்துக்குப் போனான். நானும் இரண்டு இடத்திலும் போய் வரிசையில் நின்றேன். இரண்டு இடத்திலும் மார்பளவு அரை இஞ்ச் குறைந்தது. காக்கி மட்டும் எப்படியோ என்னைத் தேடி வந்து சேர்ந்தது, டிரைவர் சட்டையாக. அந்த அரை இஞ்சுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

மேக்கரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இரண்டு வருஷம் ஜீப் ஓட்டிப் பழகினேன். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடையில் தண்ணீர் தெளிந்து வந்தால் முதலில் நீ இறங்கிப் பார், பிறகு வண்டியை இறக்கு. கலங்கி வந்தால் நீயும் இறங்காதே, வண்டியையும் இறக்காதே. உருப்படியாகக் கற்றது இது ஒன்றுதான். அதற்கப்புறம் தென்காசிக்கு வந்து இந்தக் கடையில் சேர்ந்தேன். முன்பக்கம் சிமென்ட், டைல்ஸ், குழாய், பெயின்ட். பின்பக்கம் மரச்சாமான் கூடம். அங்கே கதவு, ஜன்னல், நிலை, கட்டில், பீரோ எல்லாம் அடுக்கியிருக்கும்.

சரக்கு கொண்டுபோக ஜீப்பா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் சிரிப்பு நின்றுவிடும். குற்றாலத்தில் மேட்டின் மேல் பங்களாக்கள், மேக்கரையில் தோப்புக்குள் வீடுகள், வடகரையில் வாய்க்கால் கரை ஓரமாகவே போகிற வண்டிப்பாதை. லாரி பாதி வழியில் நின்று ஹாரன் அடிக்கும். எங்கள் ஜீப் குட்டைக் கியரைப் போட்டால் வாசல்படி வரை போய் நிற்கும். டீசல் வண்டி. பின் சீட்டுகளைக் கழற்றித் தரையில் பலகை அடித்திருந்தோம். ஒரே ஒரு வைப்பர், அதையும் நானே கையால் தள்ளிவிட வேண்டும். சாரல் காலத்தில் வலது கை ஸ்டியரிங்கில் இருக்கும், இடது கை வைப்பருக்கு. கியருக்குக் கை வேண்டுமென்றால் வைப்பர் காத்திருக்கும்.

கூரைக்கு மேலே ஒரு மரக் கேரியர். நான் சேருவதற்கு முன்பே அது அங்கே இருந்தது. தடித்த பச்சை பெயின்ட் அடித்த நாலு கனத்த சட்டங்கள், குறுக்கே ஆறு பட்டைகள், நாலு மூலையிலும் போல்ட். நீளம் ஏழடி, அகலம் மூன்றரை. மற்ற வண்டிகளில் எல்லாம் இரும்பு இருக்கும்போது இதில் மட்டும் ஏன் மரம் என்று முதலாளியிடம் ஒரு தடவை கேட்டேன். "இரும்பு துருப்பிடிக்கும்லா" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

சரக்கு ஏற்றுவதில் எனக்கும் லோடுமேன் சுடலைக்கும் ஒரு முறை உண்டு. சிமென்ட் மூட்டை முதலில், டிரைவர் முதுகை ஒட்டி. டைல்ஸ் பெட்டியை ஒருநாளும் படுக்க வைக்கக் கூடாது. நிறுத்தித்தான் வைக்க வேண்டும், இடையில் வைக்கோல் கொடுத்து. வாஷ் பேசினைச் சாக்கில் சுற்றிக் கவிழ்த்து வைக்க வேண்டும். பெயின்ட் வாளியைக் கால் பக்கம் வைக்கக் கூடாது, மூடி திறந்தால் நாம் பல வண்ணமாக வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். குழாயும் பிளைவுட்டும் மேலே கேரியரில். கட்டி முடித்ததும் இடது முன்மூலைக் கயிற்றை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பிறகு அந்தப் பச்சைச் சட்டத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவேன். முதல் தட்டு வண்டிக்கு, இரண்டாவது சரக்குக்கு. தட்டாமல் கிளம்பியது கிடையாது, அவ்வளவுதான்.

முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. சரக்கு ஏற்றி முடித்ததும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வெளியே வருவார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார். சரக்கைத் தொட மாட்டார். கேரியரின் மூலையில் மட்டும் இரண்டு விரல் வைத்து எடுப்பார். எல்லாம் சரியாக இருந்தால் "போயிட்டு வா" என்பார். சரியில்லை என்றால் முகம் மாறாமல் ஒரே கேள்வி கேட்பார்.

"காப்பி குடிச்சியா?"

ஏதோ தப்பு இருக்கிறது, நீயே கண்டுபிடி என்று அர்த்தம். நானும் சுடலையும் காப்பி குடிக்கப் போகிற மாதிரி நாலடி நடந்து, திரும்பி வண்டியைப் பார்ப்போம். குழாய் நுனியில் சிவப்புத் துணி கட்டியிருக்க மாட்டோம், அல்லது கண்ணாடிக்கு அடியில் சாக்கு போட மறந்திருப்போம். சரிசெய்த பிறகு அவரே காப்பியும் வாங்கித் தருவார். ஒரு தடவை கல்யாணச் சாமான் வாங்க வந்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை உபசாரமாக "காப்பி குடிச்சியளா?" என்று கேட்டுவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஓடிப்போய் அவர்கள் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம்.

அண்ணாச்சிக்கு ஒரு குறை உண்டு. இடது காது மந்தம். ஆனால் டெலிபோனை இடது காதில்தான் வைப்பார். வலது கை சீட்டு எழுத வேண்டுமே! மறுமுனையில் சொல்வதில் முக்கால் பங்கு காதில் விழும், மீதியை அவரே ஊகித்து எழுதிக்கொள்வார். முப்பது வருஷ அனுபவம், பெரும்பாலும் ஊகம் சரியாகவே இருக்கும். அவரிடம் போய் 'காதை மாற்றுங்கள்' என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை.

கதைக்கு வருவதற்கு முன்னால் கண்ணாடிக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குற்றாலத்தில் ஒரு லாட்ஜைப் புதுப்பித்தார்கள். ஆளுயரக் கண்ணாடி ஒன்று வேண்டும் என்றார்கள். உள்ளே வைக்க இடம் இல்லாததால் ஜீப்பின் பின்பக்கம் மெத்தையோடு சேர்த்து, கண்ணாடி வெளியே பார்க்கிற மாதிரிக் கட்டினோம். நல்ல சீசன், ஞாயிற்றுக்கிழமை. மெயினருவிக்குப் பிரிகிற விலக்கில் மாட்டிக்கொண்டோம். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னால் சிரிப்புச் சத்தம். இறங்கிப் போய்ப் பார்த்தால், குளித்துவிட்டு வந்த கூட்டம் வரிசையில் நிற்கிறது. ஒருத்தர் தலை சீவுகிறார், ஒருத்தி பொட்டு வைக்கிறாள், ஒரு தாத்தா பல்லைப் பார்த்துக்கொள்கிறார். சுடலை அங்கே நின்று வரிசையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தான். "ஆளுக்கு ரெண்டு நிமிஷம், அடுத்தவுக வாங்க!" ஒரு மணி நேரம் கழித்து லாட்ஜில் கண்ணாடியை இறக்கியபோது அதில் பதினோரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. லாட்ஜ்காரர் சிரித்து, "பொட்டோடயே மாட்டுங்கய்யா, மங்களகரமா இருக்கட்டும்" என்றார். அண்ணாச்சியிடம் சொன்னோம். அவர் யோசித்து, "பதினொண்ணா? அடுத்த தடவை சீப்பும் கட்டி விடுவோம்" என்றார். இப்படிப்பட்ட ஆளிடம் வேலை பார்க்க யாருக்குத்தான் கசக்கும்?

இனி கட்டில்.

பண்பொழியைத் தாண்டி மேக்கரைப் பக்கம், ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. அங்கே சரோஜினி டீச்சர் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் மலையாள ஊர் ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று அம்மா வீட்டுக்கே திரும்பியிருந்தார். வீடு பழசு. கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொண்டிருந்தார். தளத்துக்கு டைல்ஸ், குளியலறைக்குக் குழாய் எல்லாம் நாங்கள்தான் கொண்டுபோய்ப் போட்டோம். ஒரு சனிக்கிழமை அவர் கடைக்குப் போன் செய்தார். அண்ணாச்சி இடது காதில் வாங்கி, வலது கையால் சீட்டு எழுதி என்னிடம் கொடுத்தார்.

'கட்டில். தேக்கு. 7 x 3½. நாளைக் காலை எட்டு மணிக்குள். முகூர்த்தம்.'

"டீச்சர் வீட்ல யாருக்கு அண்ணாச்சி கல்யாணம்?" என்று கேட்டேன்.

"யாரோ சொந்தக்காரப் புள்ளையா இருக்கும்ல. முகூர்த்தம் ஒம்பதேகாலுக்குன்னு சொல்லுதாவ. நாளைக்கு விட்டா ஆடி பொறந்துரும்லா, அதான் அவசரப்படுதாவ. நல்ல கட்டிலாப் பாத்து எடு."

எல்லாமே பொருந்தியது. ஆனி கடைசி நாள், முகூர்த்தம், ஏழுக்கு மூன்றரை. இதை எப்படிச் சந்தேகப்படுவது? அண்ணாச்சிக்கு உற்சாகம் வந்துவிட்டது. கடை அன்பளிப்பாகப் பூப்போட்ட தலையணை இரண்டு எடுத்துத் தந்தார். மறுநாள் காலையில் கட்டிலைக் கேரியரில் ஏற்றிக் கட்டினோம். சுடலை தன் பங்குக்கு நாலு முழம் பிச்சிப்பூ வாங்கிக் கட்டில் காலில் சுற்றினான். அண்ணாச்சி ஒரு சுற்றுச் சுற்றினார், மூலையில் இரண்டு விரல் வைத்தார். "போயிட்டு வா" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. டீச்சர் வீட்டுக்கு முன்னால் ஓடையில் ஒரு தரைப்பாலம். அதன்மேல் கணுக்காலளவு தண்ணீர் போனது. இறங்கிப் பார்த்தேன், தெளிவாக இருந்தது. தாண்டி மேட்டில் ஏறினோம். ஏழே முக்காலுக்கு வீட்டு வாசல். பெரிய கோலம், குத்துவிளக்கு, பதினைந்து இருபது பெண்கள், பால் செம்பு. குலவை போடத் தயாராக இருந்த ஒரு அம்மா கட்டிலைப் பார்த்ததும் வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

டீச்சர் வெளியே வந்தார். கட்டிலைப் பார்த்தார். காலில் சுற்றிய பிச்சிப்பூவைப் பார்த்தார். தலையணையைப் பார்த்தார்.

"சங்கரலிங்கம், என்ன இது?"

"கட்டில் டீச்சர். ஏழுக்கு மூணர. தேக்கு."

"நான் கட்டிலா கேட்டேன்? கட்டிளல்லா கேட்டேன்! வாசல்ல வைக்கிற கட்டிள!"

"வாசல்ல கட்டிலப் போட்டு யாரு டீச்சர் படுப்பா?" என்று கேட்டான் சுடலை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையாளத்தில் கட்டிள என்றால் நிலை. கதவு மாட்டுகிற வாசல் நிலை. முப்பது வருஷம் அந்தப் பக்கம் இருந்த டீச்சருக்கு அந்தச் சொல்தான் நாக்கில் வந்திருக்கிறது. நாங்கள் முதலிரவுக்கு ஏற்பாடு செய்து கொண்டுபோயிருக்கிறோம். கூட்டத்தில் ஒரு பெண், "டீச்சருக்கா கல்யாணம்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சேர்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு திரும்பி வீட்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

நானும் பார்த்தேன். வீட்டின் முன்சுவரில் வாசல் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. பழைய நிலையைக் கறையான் தின்றுவிட்டதால் சுவரை இடித்து எடுத்திருந்தார்கள். தார்ப்பாய் தொங்கியது, மழை உள்ளே அடித்து முன்னறை நனைந்திருந்தது. புது நிலையை ஒன்பதேகாலில் இருந்து பத்தேகாலுக்குள் வைக்க வேண்டும். விட்டால் ஆடி. ஆடியில் யாரும் நிலை வைக்க மாட்டார்கள். நிலை வைக்க வந்திருந்த குமரேச ஆசாரி மறுநாள் ரயிலில் கொல்லம் பக்கம் வேலைக்குப் போகிறார், திரும்ப இரண்டு மாதம் ஆகும்.

"ரெண்டு மாசம் இப்படித் தொறந்து போட்டுட்டு நான் எப்படி இருப்பேன்? முந்தாநாள் காட்டுப்பன்னி முன்னறை வரைக்கும் வந்துட்டுப் போச்சு" என்றார் டீச்சர். சத்தமாகச் சொல்லவில்லை.

"ஒண்ணரை மணி நேரம் டீச்சர், நிலையோட வாரேன்" என்று கட்டிலை இறக்கிப் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

ஓடைக்கு வந்தால் தரைப்பாலத்தைக் காணோம். மேலே மலையில் நல்ல மழை பெய்திருக்க வேண்டும். காப்பி நிறத்தில் தண்ணீர், அதில் தென்னை மட்டை சுழன்றுகொண்டு போகிறது. கலங்கி வந்தால் இறங்காதே என்று கற்றவன்தான். ஆனால் டீச்சர் முகம் கண்ணில் நின்றது. நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து மெதுவாக இறக்கினேன். முன் சக்கரம் தண்ணீரில் பட்டதும் வண்டி நான் சொல்வதைக் கேட்கவில்லை, ஓடை சொல்வதைக் கேட்டது. மூக்கு இடது பக்கம் நழுவியது. ரிவர்ஸ் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு வழியாகக் கரையேறினேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கே வந்தோம்.

டீச்சர் வீட்டு மதில் மேல் ஏறினால்தான் செல்போனில் சிக்னல் கிடைக்கும். சுடலை ஏறிக் கடைக்குப் போன் போட்டான். "அண்ணாச்சி, கட்டில் இல்ல, கட்டிள!" என்று கத்தினான். அந்தப் பக்கம் அண்ணாச்சி, "கட்டில் வந்து சேந்துட்டா? நல்லது, பொண்ணு மாப்ள நல்லா இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

நான் மதில் மேல் ஏறி மறுபடி போட்டேன். எப்படிச் சொன்னால் இந்த மனுஷன் காதில் விழும்? யோசிக்க நேரம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னேன்.

"அண்ணாச்சி, காப்பி குடிச்சியளா?"

மறுமுனையில் அண்ணாச்சி தாழ்ந்த குரலில், "எதுலல தப்பு?" என்றார். போன் காது மாறிய சத்தம் எனக்கே கேட்டது. சொன்னேன். "நானே வாரேன்" என்றார்.

நானும் டீச்சரும் ஆசாரியும் ஜீப்பில் ஓடைக்கரைக்குப் போய்க் காத்திருந்தோம். ஒன்பதரைக்கு எதிர்க்கரையில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. மேலே புத்தம் புது நிலை. பக்கத்தில் குடையோடு அண்ணாச்சி. எங்களுக்கு நடுவே ஓடை. நிலையும் இருக்கிறது, வாசலும் இருக்கிறது, நடுவில் நாற்பது அடி தண்ணீர். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் பார்த்தார்.

"இறங்காதிய அண்ணாச்சி! கலங்கி வருது!" என்று கத்தினேன்.

தப்பைச் சரிசெய்யாமல் திரும்பிப் போகிற வழக்கம் அவருக்கு இல்லை. கால் நனைய அப்படியே நின்றார். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு வாஷ் பேசின் உடைந்ததில்லை, இன்றைக்கு ஒரு வீட்டையே திறந்து போட்டுவிட்டோமே என்று இருந்தது.

அப்போது குமரேச ஆசாரி என் வண்டிப் பக்கம் நின்றுகொண்டு கேரியரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் இவருக்கு என்ன என்று எரிச்சலாக வந்தது.

"டிரைவரே, இது என்னவே?"

"கேரியர். தெரியல?"

"கேரியரா!" அவர் பையிலிருந்து உளியை எடுத்து ஓரத்தில் பச்சை பெயின்டைச் சீவினார். உள்ளே தேன் நிறத்தில் மரம் தெரிந்தது. "இந்தக் காடியப் பாரும். கதவு வந்து ஒக்காருத எடம். மூலையில பொருத்தப் பாரும். ஏழுக்கு மூணர. வேய், இது நிலைவே! படுக்கப் போட்டு மேல பட்ட அடிச்சு வச்சிருக்கிய!"

நான் பார்த்தேன். எத்தனை வருஷமாகத் தினமும் கயிறு கட்டின சட்டம். தினமும் இரண்டு தட்டுத் தட்டின மரம். வாசல் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

"அண்ணாச்சி!" என்று கத்தினேன். "கேரியரக் கழத்தவா?"

அவர் திரும்பி வலது காதைக் காட்டினார். "என்னத்த?"

"கேரியர! ஆசாரி இது நிலைங்காரு!"

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு அவர் குரல் ஓடைச் சத்தத்தைத் தாண்டி வந்தது. வாழ்நாளில் அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"நிலைதாம்ல! கழத்து!"

டீச்சர் என்னைப் பார்த்தார். "பழைய நிலை டீச்சர், உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

"எத்தனை வீட்டுக்குச் சாமான் சொமந்த மரம்! இதவிட நல்ல கட்டிள எனக்கு எங்கன கிடைக்கும்? ஓட்டு வண்டிய!" என்றார்.

மேட்டில் அந்த ஜீப் அவ்வளவு வேகம் போனதில்லை. போல்ட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. டீசலை ஊற்றி, ஸ்பேனரில் நானும் சுடலையும் சேர்ந்து தொங்கினோம். மூன்று வந்துவிட்டது. நாலாவது, அந்த இடது முன்மூலை, அசையவே இல்லை. வெட்டிரும்பு வைத்து அடித்து எடுத்தோம். ஆறு பட்டைகளையும் ஆசாரி நெம்பித் தள்ளினார். நாங்கள் கொண்டுபோன கட்டில்தான் அவருக்குப் பணிமேசை. அதன்மேல் நிலையைக் கிடத்தி, காடியைச் சுத்தம் செய்து, தெரிகிற பக்கத்தை மட்டும் இழைப்புளியால் இழைத்தார். பச்சைச் சுருள் கோலத்தின் மேல் விழுந்தது. சுற்றி நின்ற பெண்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். "பத்து மணி ஆசாரி." "பத்து அஞ்சு." "ஏட்டி, சும்மா இரிங்க, உளி சறுக்கிரும்லா!" என்றார் ஆசாரி.

பத்து மணி எட்டு நிமிஷத்துக்கு நிலை எழுந்து நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டினார்கள். நவதானிய முடிச்சை அடியில் வைத்தார்கள். டீச்சர் பால் ஊற்றினார். கட்டிலில் சுற்றியிருந்த பிச்சிப்பூவை சுடலை அவிழ்த்துக் கொடுத்தான், அதையும் சாத்தினார்கள். காலையில் பாதியில் நின்றுபோன அந்த அம்மா இப்போது போட்டார் பாருங்கள் ஒரு குலவை! கூப்பிடு தூரம்தானே ஓடை. எட்டிப் பார்த்தேன். எதிர்க்கரையில் குடை கீழே கிடந்தது. அண்ணாச்சி மழையில் நனைந்துகொண்டு, வலது காதை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பியிருந்தார்.

மத்தியானம் தண்ணீர் வடிந்ததும் வந்தார். உள்ளே நுழையும்போது நிலையின் மூலையில் இரண்டு விரல் வைத்தார். எத்தனையோ வருஷம் பார்த்த அதே இரண்டு விரல். அவருக்குக் கட்டிலில் இடம் கொடுத்துப் பாயசம் கொடுத்தார்கள். பாதி பாயசத்தில் சொன்னார்.

"எங்க அப்பா வச்ச நிலை இது. குத்தாலத்துல எங்க வீடு இருந்துச்சு. ரோட்ட அகலப்படுத்தும்போது இடிச்சிட்டாவ. இத மட்டும் எடுத்துட்டு வந்தேன். வெறகுக்குப் போடவும் மனசு வரல, விக்கவும் மனசு வரல. நாலு வாசலாவது பாக்கட்டும்னு வண்டில ஏத்தி வச்சேன்."

டீச்சர் கரண்டியோடு பக்கத்தில் வந்து, "அண்ணாச்சி, இன்னொரு கரண்டி பாயசம்?" என்று கேட்டார். கேட்ட காது இடது. "ஆமா, நல்ல வாசல்தான்" என்றார் அண்ணாச்சி. சிரித்து முடிக்க எங்களுக்கு வெகுநேரம் ஆனது. கட்டில் திரும்பி வரவில்லை. டீச்சர் அதில்தான் இன்றைக்கும் தூங்குகிறார், அந்தப் பூப்போட்ட தலையணையோடு.

மறுநாளிலிருந்து அண்ணாச்சி போனை வலது காதில் வைத்து, சீட்டை இடது கையால் எழுத ஆரம்பித்தார். காதில் விழுவது எல்லாம் சரி, எழுதியதை வாசிக்கத்தான் ஆள் இல்லை. ஒரு மாதம் நான் தினமும் சீட்டை வைத்துக்கொண்டு கோழி கிளறின மாதிரி எழுத்தைப் பார்த்து முழித்தேன். பிறகு அவர் பேச, சீட்டு எழுத இன்னொரு ஆள் என்று ஏற்பாடாயிற்று. ஜீப்புக்கு இரும்புக் கேரியர் போட்டோம். அடுத்த சாரலுக்கே துருப்பிடித்தது. அண்ணாச்சி அதைச் சுற்றி வருவார், மூலையைத் தொட மாட்டார். பிறகு வண்டிக்கு வயதாகித் தகுதிச் சான்று கிடைக்காமல் இரும்புக் கடைக்குப் போனது. நான் அழவில்லை. செல்வி, நான் சொன்ன கணக்கு இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

போன மாதம்கூடப் பண்பொழி மலைக்கோயிலுக்குப் போய்விட்டு டீச்சர் வீட்டுப் பக்கம் போனேன். நிலையில் கதவு நிற்கிறது. வெளிப்பக்கம் வார்னிஷ் மின்னுகிறது. உள்பக்கம் அந்தப் பச்சையை அப்படியே விட்டிருக்கிறார். நாலு போல்ட் ஓட்டைகளையும் ஆசாரி அடைக்க வந்தபோது டீச்சர் விடவில்லையாம். மேலே இருக்கிற இரண்டில் மாவிலைத் தோரணத்துக்குக் கயிறு கோத்திருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகப் போனேன். கை என்னைக் கேட்காமல் அந்தக் கயிற்றை மூன்று தடவை இழுத்துப் பார்த்தது. பிறகு சட்டத்தில் இரண்டு தட்டு.

உள்ளேயிருந்து டீச்சர் குரல் வந்தது. "சங்கரலிங்கமா? லோடு சரியா இருக்கா?"

"சரியா இருக்கு டீச்சர்" என்றேன்.

"அப்ப உள்ள வா. காப்பி குடிச்சியா?"

நான் நாலடி பின்னால் போய், திரும்பி, அந்த வாசலை ஒரு முறை நன்றாகப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை.